முப்பத்து நான்காம் வரி

"உங்கள் திட்டம் தோற்றுவிட்டது. எப்படித் தோற்றது என்று ஒரு கதை எழுதிக்கொண்டு வாருங்கள்."

பேர்னாட் சேர் இதை வெள்ளைப் பலகையில் எழுதிவிட்டுத் திரும்பியபோது எனக்குக் கோபம்தான் வந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் காத்தான்குடியில் பஸ் ஏறி, கல்லடிப் பாலம் தாண்டி, டவுனுக்கு வந்து திட்ட முகாமைத்துவ டிப்ளோமா படிப்பது கதை எழுதுவதற்கா? கதை எழுதத் தெரிந்திருந்தால் நான் ஏன் ஒரு ஒப்பந்தக்காரரின் கந்தோரில் உட்கார்ந்து மற்றவர்களின் திட்டங்களைத் தட்டச்சு செய்கிறேன்? இத்தனைக்கும் சேர் என்னைவிட இரண்டு வயது இளையவர். பாசிக்குடாப் பக்கம் ஹோட்டல் கட்டும் வேலைகளில் நின்றுவிட்டுப் படிப்பிக்க வந்தவர்.

"கதையா சேர்?" என்று கேட்டேன்.

"ஓம் நிஸ்றா. வேலை முடிய முதலே, அது பிழைச்சுப்போச்சு எண்டு நினைச்சு எழுதிப் பாருங்க. நாங்க இதச் செய்யாம ஒரு நீச்சல் தடாகம் கட்டினம். எல்லாம் சரி. தண்ணி விட்ட அண்டைக்குத்தான் தெரிஞ்சது, தண்ணிய வெளியேத்த வழி வைக்கல்ல எண்டு."

வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. நான் போட்ட திட்டம் தோற்பதற்காகப் போட்டதில்லை.

அந்தத் திட்டம் எங்கள் வீடு. தங்கை அஸீமாவுக்கு ஒக்டோபர் இரண்டாம் வெள்ளிக்கிழமை நிக்காஹ். எங்கள் ஊரில் பெண்ணுக்கு வீடு இல்லாமல் கல்யாணம் இல்லை. மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்குத்தான் வருவார். எனக்குக் கல்யாணமானபோது உம்மாவும் வாப்பாவும் தாங்கள் வாழ்ந்த வீட்டையே எனக்கு எழுதித் தந்துவிட்டு, அஸீமாவையும் கூட்டிக்கொண்டு பின்னால் இருந்த ஒற்றை அறைக்கு மாறினார்கள். அடுத்த வருடம் வாப்பா மௌத்தாகி, அந்த அறையில் உம்மாவும் அஸீமாவும் மட்டும் மிஞ்சினார்கள். இப்போது அஸீமாவின் முறை. புதிதாகக் காணி வாங்குவதென்றால் எங்கள் ஊரில் ஆகிற காரியமா? வீட்டோடு வீடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. பக்கத்து வீட்டில் வெங்காயம் வதக்கினால் எங்களுக்குக் கண் எரியும். ஆகவே என் வீட்டுக்கு மேலே ஒரு மாடி கட்டுவது என்று முடிவாயிற்று.

பொறுப்பை நானே தலையில் போட்டுக்கொண்டேன். என் கணவர் றமீஸ் கட்டாரில் இருக்கிறார். உம்மாவோ எதைக் கேட்டாலும் "நீ படிச்ச புள்ள, நீ பாத்துச் செய்" என்பார். செய்தேன். எக்ஸெல்லில் அறுபத்தொரு வரிகள். ஒவ்வொரு வரிக்கும் தொடக்கத் திகதி, முடிவுத் திகதி, ஒரு நிறம். அச்செடுத்து பிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். வந்து பார்த்தவர்கள் எல்லாம் வாயைப் பிளந்தார்கள். எனக்கும் கொஞ்சம் தலைக்கனம்தான். ஒட்டி இரண்டு நாள் ஆகவில்லை, முப்பத்து நான்காம் வரிக்குப் பக்கத்தில் யாரோ பென்சிலால் ஒரு பொட்டு வைத்திருந்தார்கள். அஸீமாவைப் பிடித்து ஏசினேன். தான் வைக்கவில்லை என்று சத்தியம் பண்ணினாள். நான் நம்பவில்லை.

முதல் தடவை எழுதிக்கொண்டு போன கதை அரைப் பக்கம். மழை முந்திப் பெய்தது, சீமெந்து வரப் பிந்தியது, வேலை முடியவில்லை, முற்றும்.

சேர் அதை ஒரு நிமிடத்தில் வாசித்து முடித்தார். "இதில ஆக்களே இல்லையே. வேலை மட்டும் தானா நடந்து தானா நிக்குது. கல்யாணத்தண்டு காலையில ஆர் எங்க நிண்டது, ஏன் அங்க நிண்டது? அத எழுதுங்க. தெரியாட்டி போய்க் கேளுங்க."

பஸ்ஸில் திரும்பி வரும்போது அதே கேள்வி மண்டைக்குள் ஓடியது. உண்மையிலேயே எனக்குத் தெரியவில்லை. வீடு ஒன்று தோற்பதென்றால் எப்படித் தோற்கும்? கோபம் எங்கேயோ போய், அறிந்துவிட வேண்டும் என்ற அரிப்பு வந்துவிட்டது.

முதலில் மேசன் அழகரத்தினத்திடம் போனேன். பக்கத்து ஊர் ஆரையம்பதிக்காரர். ஐம்பது வயது, பேச்சு குறைவு. பத்து மணி பிளேன்டீக்கு மணல் குவியலில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் நான் வாராவாரம் ஒரே கேள்வியைத்தான் கேட்பேன்: "ஒக்டோபருக்குள்ள முடியுமா அண்ண?" அவரும் வாராவாரம் ஒரே பதிலைத்தான் சொல்வார்: "முடியும் தங்கச்சி." நான் போய் அதைப் பச்சை நிறத்தில் குறித்துக்கொள்வேன்.

அன்றைக்கு மாற்றிக் கேட்டேன். "அண்ண, கலியாணம் வந்திட்டு. வீடு அரைகுறையா நிக்கிது. என்ன நடந்த?"

கோப்பையை இறக்கி வைத்துவிட்டார். "என்ன தங்கச்சி கதைக்கிறீங்க? இன்னும் ஆடியே பிறக்கல்ல."

"பொய்க்கு அண்ண. கிளாஸுக்கு ஒரு கதை எழுதணும்."

"பொய்க்கா?"

"பொய்க்கு."

அவர் மணலில் விரலால் ஒரு சதுரம் கீறினார். பிறகு, எத்தனையோ நாளாகச் சொல்லக் காத்திருந்தவர்போல ஆரம்பித்தார். "பொய்க்கு எண்டா, மேல்தளக் கொங்கிறீட்டில பிழைச்சிட்டு. நீங்க குறிச்ச நாள் ஆடி அமாவாசை. அண்டைக்கு மாமாங்கக் கோயில் தீர்த்தம். தகப்பன் இல்லாதவன் எல்லாம் அமிர்தகழிக்குப் போய் முழுகுவான். என்ட ஆக்கள் ஆறு பேரில நாலு பேருக்குத் தகப்பன் இல்ல. அதில ரெண்டு பேர் தகப்பன்ட முகத்தையே கண்டதில்ல. அவனுகள நான் எப்படி மறிக்கிற? ரெண்டு பேர வெச்சுக் கொங்கிறீட் போட ஏலாது. போட்டாலும் ஒழுகும்."

எனக்கு முகம் சுட்டது. விடுமுறைப் பட்டியலில் ஹஜ்ஜுப் பெருநாள் போட்டேன், மீலாத் போட்டேன், வெள்ளிக்கிழமைப் பின்னேரங்களை எல்லாம் போட்டேன். என் வீட்டைக் கட்டுகிற கைகளுக்கும் ஒரு நாள்காட்டி இருக்கும் என்பது என் மூளையில் ஏறவே இல்லை. தீர்த்தத்துக்குப் போகிற சனம் வருடாவருடம் எங்கள் ஊர் வழியாகத்தான் பஸ்ஸில் நிரம்பிப் போகிறது.

"ஏன் அண்ண முந்தியே சொல்லல்ல?"

"நீங்க கேட்டது முடியுமா எண்டுதானே? கல்யாண வீட்டில நிண்டுக்கிட்டு ஏலாது எண்டு ஆர் சொல்லுவாங்க?"

"வேற என்ன பிழைச்ச?"

இப்போது அவருக்கே ருசி பிடித்துவிட்டது. "மறுகா, வெள்ளிக்கிழமை. ஒவ்வொரு வெள்ளியும் பன்னிரண்டு மணியோட நிப்பாட்டினா அரை நாள் போகுதே."

"அது நீங்கதானே அண்ண போறீங்க?"

"நீங்கதானே தாளில லீவு எண்டு போட்டிரிக்கீங்க? நீங்க தொழுகிற நேரம் சுத்தியல் சத்தம் கூடாது, அதோட வேலை வேணாம் எண்டு நினைக்கிறீங்களாக்கும் எண்டு நாங்க வீட்ட போய்ப் படுக்கிறம்."

நான் என்ன நினைத்தேன்? வெள்ளிக்கிழமை என்றால் எல்லாருக்கும் வெள்ளிக்கிழமைதான் என்று நினைத்தேன். அவர்கள் எங்களுக்காகப் போனார்கள், நாங்கள் அவர்களுக்காக விட்டோம். ஏழு வெள்ளி இப்படியே மாறி மாறி மரியாதை பண்ணியதில் மூன்றரை நாள் காணாமல் போயிருந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். அழகரத்தினம் அண்ணன் சத்தமாகச் சிரித்து அன்றுதான் கண்டேன்.

அதற்குப் பிறகு நான் சும்மா இருப்பேனா? கண்டவர்களை எல்லாம் பிடித்து, "வீடு முடியல்ல, ஏன்?" என்று கேட்டுக்கொண்டு திரிந்தேன். முடியுமா என்று கேட்டால் தலையை மட்டும் ஆட்டுகிற சனம், முடியவில்லை என்றதும் வாயைத் திறந்துவிட்டது. மணல் லொறிக்காரர் எங்கள் ஒழுங்கைக்குள் தன் பெரிய லொறி திரும்பாது என்றார். வயர் வேலைக்காரர், மேலே சுவிட்ச் எங்கே வேண்டும் என்று தன்னிடம் இதுவரை யாருமே சொல்லவில்லை என்றார். அஸீமா மட்டும், "நீ எல்லாரையும் ஏசி, எல்லாரும் வேலைய விட்டுட்டுப் போயிட்டாங்க ராத்தா" என்றாள். அதையும் எழுதிக்கொண்டேன். கற்பனை என்று ஒதுக்கிவிட முடியவில்லை.

வியாழக்கிழமை கந்தோர் விட்டதும் வாவிக் கரைக்குப் போய் ஒரு சீமெந்துக் கட்டில் உட்கார்ந்து கொப்பியைத் திறந்தேன். வெயில் இறங்கியிருந்தது. இடுப்பளவு தண்ணீரில் நின்று இரண்டு பேர் வலை வீசிக்கொண்டிருந்தார்கள். சேர் சொன்னபடி, கல்யாண நாள் காலை எட்டு மணி என்று எழுதி, ஆட்களை ஒவ்வொருவராக நிறுத்தினேன். அழகரத்தினம் அண்ணன் பாதிப் படிக்கட்டில், கையில் சாந்தகப்பை. அஸீமா என் அறையில், கையில் காயாத மருதோன்றி. மாப்பிள்ளை வீட்டார் வாசலில், எங்கே ஏறுவது என்று தெரியாமல். நான் முற்றத்தில், காதில் போன், வாயில் ஏச்சு. றமீஸ் லீவில் வந்து, யார் கண்ணிலும் படாமல் ஒரு மூலையில். எழுத எழுத எனக்கே சிரிப்பு வந்தது. அந்தக் காலையை நேரில் பார்ப்பதுபோல இருந்தது.

பிறகு, "உம்மா" என்று எழுதினேன். பேனா நின்றது.

உம்மா எங்கே?

பின் அறையில், என்று எழுதப் போனேன். பின் அறை இல்லை. அஸீமாவுக்குத் தனி வாசல் வேண்டும், மாடிப் படிக்கட்டு பின்பக்கத்தால் ஏற வேண்டும், அதற்காகப் பின் அறையை இடிக்க வேண்டும். முப்பத்து நான்காம் வரி: பின் அறை இடித்தல், இரண்டு நாள், ஓகஸ்ட் இருபது. நான்தான் தட்டச்சு செய்தேன். மஞ்சள் நிறம் கொடுத்தேன்.

சரி, மாடியில் அஸீமாவோடு இருப்பார் என்று வைப்போம். உம்மாவுக்கு முழங்கால் வருத்தம். வாசல் படி மூன்றையே கதவைப் பிடித்துத்தான் ஏறுவார். பதினெட்டுப் படியா? அப்படியென்றால் கீழே, என் வீட்டில். எனக்கு இரண்டு அறைகள். ஒன்றில் நான். மற்றதில் அஸீமாவின் கல்யாணத்துக்கு வாங்கிய கட்டில், அலுமாரி, இன்னும் பிரிக்காத பெட்டிகள். மாடி முடிந்ததும் அது றமீஸின் தம்பி வந்து தங்குகிற அறை என்று எப்போதோ வாக்குக் கொடுத்தாயிற்று.

அஸீமாவுக்குப் போன் எடுத்தேன். "மாடி கட்டின பிறகு உம்மா எங்க இரிப்பா?"

"உன்னோடதானே ராத்தா?"

"நான் உன்னோட எண்டு நினைச்சன்."

வலைக்காரர் ஒருவர் மற்றவரைக் கூப்பிடும் சத்தம் மட்டும் கேட்டது. அறுபத்தொரு வரிகள். தண்ணீர்த் தாங்கிக்கு ஒரு வரி, றமீஸ் இன்னும் வாங்காத காரை நிறுத்த ஒரு வரி. பெற்ற தாய்க்கு அரை வரி இல்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

வீட்டுக்குப் போனபோது உம்மா குசினி வாசலில் இறால் உரித்துக்கொண்டிருந்தார். நானும் கிட்டப் போய்க் குந்தினேன்.

"உம்மா, கலியாணத்தண்டைக்கு வீடு முடியல்ல எண்டு வைங்க."

"வாயக் கழுவு. நல்ல காரியத்துக்குள்ள என்ன பேச்சு இது."

"பொய்க்கு உம்மா. கிளாஸுக்குக் கதை."

"ஊரெல்லாம் கேட்டுத் திரியிறியாமே, அதுவா?" என்று சிரித்தார். "சரி, கேளு."

"அந்தக் கதையில ஒரு உம்மா இரிக்கா. கலியாணத்தண்டு காலையில அவ எங்க இரிக்கா?"

உம்மாவின் கை நிற்கவில்லை. இரண்டு இறால் உரித்துச் சட்டிக்குள் போட்டார்.

"அவ வந்துக்கிட்டு இரிக்கா."

"எங்க இருந்து?"

"ஓட்டமாவடியில இருந்து. நஸீபாட வீட்டில இருந்து. முதல் பஸ் எடுத்திட்டா. நேரத்தோட வந்து சேந்திருவா, நீ பயப்படாத."

நஸீபா உம்மாவின் தங்கை, எங்கள் சாச்சி. உம்மா கதை சொல்லவில்லை என்பது எனக்கு விளங்கிவிட்டது. எழும்பிப் பின் அறைக்குப் போனேன். கட்டிலுக்குக் கீழே வாப்பாவின் பழைய சூட்கேஸ். இழுத்துத் திறந்தேன். நாலு சாரி, தொழுகை உடுப்பு, குர்ஆன், முழங்கால் எண்ணெய், கல்யாணத்துக்குக் கட்டவென்று எடுத்த புதுச் சாரி மேலாக.

உம்மா ஈரக் கையோடு வாசலில் வந்து நின்றார்.

"சாச்சிக்கிட்ட எப்ப சொன்ன நீங்க?"

"நீ அந்தத் தாள ஒட்டின கிழமையே."

"ஏன் எனக்கிட்ட சொல்லல்ல?"

"சொன்னா வேலை நிக்கும். கலியாண வேலை நிக்கப்படாது மகள்." ஈரக் கையைச் சாரியில் துடைத்துக்கொண்டு, "எல்லாத்துக்கும் இடம் வெச்சிரிந்தாய், எனக்குத்தான் இல்ல. மறந்திட்டா போல எண்டு நினைச்சன். ஞாபகப்படுத்தினா உனக்குக் கவலையாப் போகும். அதான் நானே ஒரு இடம் பாத்துக்கிட்டன்" என்றார்.

அதில் குத்தல் ஒரு துளியும் இல்லை. குத்தியிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன், அதுதான் எனக்கு வரும். சூட்கேஸைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். "இறால் திறந்தபடி கிடக்கு" என்று உம்மா குசினிக்குப் போய்விட்டார்.

படிக்கட்டை மாற்ற வேறு ஒரேயோர் இடம்தான் உண்டு: வீட்டின் முன்பக்கம், றமீஸின் கார் நிற்கப் போகிற இடம். அந்த இடத்தை அவர் கட்டாரிலிருந்து கையால் வரைந்து அனுப்பியிருந்தார். கேற் எந்தப் பக்கம் திறக்கும் என்பது உட்பட. மறுநாள் வெள்ளிக்கிழமை, அவருக்கு லீவு. ஜும்ஆ முடிந்து வரட்டும் என்று பார்த்திருந்து போன் எடுத்தேன். அரை மணி நேரச் சண்டைக்கு வேண்டிய எல்லா நியாயங்களையும் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன்.

"மச்சான், ஒரு கதை சொல்லட்டா?"

"என்ன, எனக்கிட்டயும் தொடங்கிட்டியா? சொல்லு."

சொன்னேன். கல்யாண நாள் காலை, வாசல், முற்றம், முதல் பஸ், சூட்கேஸ். முடிந்ததும் ஒன்றுதான் கேட்டார்: "அந்தக் கதையில அவன் கார் வாங்கிட்டானா?"

"இன்னும் இல்ல."

"அப்ப இல்லாத காருக்கு இடம் இரிக்கி, இரிக்கிற மாமிக்கு இடம் இல்ல. என்ன கதை புள்ள இது? படிய முன்னுக்கு வை."

என் தாளில் இருந்த நியாயங்கள் அப்படியே மீந்துபோயின. சண்டை இல்லாமல் போனதில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம் என்றுகூடச் சொல்லலாம்.

பின்னேரமே அழகரத்தினம் அண்ணன் வந்து நூல் பிடித்து, முன்பக்கத்தில் ஆறு முளை அடித்தார். கொங்கிறீட்டைத் தீர்த்தத்துக்கு ஐந்து நாள் முந்தி இழுத்தோம். இனி வெள்ளிக்கிழமையும் முழு நாள் வேலை. ஜும்ஆ நேரம் மட்டும் சுத்தியல் இல்லை, அந்த நேரம் அவர்கள் சோறு தின்பார்கள். முடியுமா என்று நான் கேட்கவில்லை. "இது எங்க பிழைக்கும் அண்ண?" என்று கேட்டேன். அவர் மணலில் குந்தி யோசிக்கத் தொடங்கினார்.

சனிக்கிழமை கதையைக் கொடுத்தேன். சேர் இந்தத் தடவை இரண்டு முறை வாசித்தார். "எப்ப தோத்தது எண்டு கண்டுபிடிச்சிட்டீங்களா?" என்று கேட்டார்.

"ஒக்டோபரில இல்ல சேர். பிரிட்ஜில ஒட்டின அண்டைக்கே."

வீட்டுக்கு வந்ததும் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு பிரிட்ஜுக்கு முன்னால் நின்று முப்பத்து நான்காம் வரியை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை வெட்டினேன். உம்மா பால் எடுக்க வந்தவர், எனக்குப் பின்னால் நின்று பார்த்தார்.

"அழிறப்பர் ஒண்டு இரிக்கா மகள்?"

எதற்கென்று விளங்காமல் எடுத்துக் கொடுத்தேன். உம்மா கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, அந்த வரிக்குப் பக்கத்தில் இருந்த பென்சில் பொட்டை மெதுவாக அழித்தார். அஸீமாவை நான் ஏசிய பொட்டு.

"நீங்களா வெச்ச?"

"நாள் பிழைக்கப்படாதே" என்றார் உம்மா. "இருவதாந் திகதிக்குப் பிறகும் நான் அந்த அறையில கிடந்தா, உங்கட வேலை பிந்தும்."

அழித்த தூளை ஊதிவிட்டு, பால் போத்தலை எடுத்துக்கொண்டு, தன் அறைக்குப் போனார்.